கேரட் புற்றுநோயைத் தடுக்குமா? 'தடுக்கும்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

போன வருடம் ஆடி மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முகத்தில் களை திரும்பியிருந்தது, முடியும் குட்டையாக முளைத்திருந்தது. காபி டம்ளரை நீட்டியபோதுதான் அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் மஞ்சள் அரைத்த கை மாதிரி இருந்தன. காமாலையோ என்று எனக்குப் பகீரென்றது.

மறுநாளே மருத்துவரிடம் போனோம். அவர் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. காமாலை என்றால் முதலில் கண் மஞ்சளாகும். "கேரட் நிறைய சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தை தலையசைத்தார். தினமும் அரைக்கிலோ கேரட்டை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, இரண்டு டம்ளர் ஜூஸ். மூன்று மாதமாக. யாரோ கைப்பேசியில் அனுப்பிய செய்தி: 'கேரட் ஜூஸ் குடித்தால் புற்றுநோய் திரும்ப வராது.'

கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் உடலில் அளவுக்கு மேல் சேர்ந்தால் தோலுக்கு அடியில் தங்கி மஞ்சள் காட்டும். ஆபத்து இல்லை, குறைத்தால் தானே போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் அத்தை கேட்டார்: "அப்போ கேரட் புத்துநோயைத் தடுக்கும்னு சொல்றதெல்லாம் பொய்யாடா?"

பொய் இல்லை. ஆனால் அந்தச் செய்தி சொன்ன மாதிரியும் இல்லை. அன்று ஆட்டோவில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், தடுப்பது வேறு, குணப்படுத்துவது வேறு. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. நம் உடலின் செல்கள் பிரியும்போது மரபணுவை நகலெடுக்கின்றன. நகலில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடும், திருத்த முடியாத செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இந்த இரண்டு காவலையும் தாண்டி, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த செல்தான் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. பெருங்குடலில் சின்னக் கொப்புளம் மாதிரி முளைக்கும் ஒரு திசு புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். இந்த நீண்ட காலத்தில் எங்காவது ஓர் இடத்தில் குறுக்கே நின்று வேகத்தைக் குறைக்க முடிந்தால், அதுதான் தடுப்பு. உணவிலோ மருந்திலோ உள்ள ஒரு வேதிப்பொருளைக்கொண்டு இப்படித் தடுக்கும் முயற்சிக்கு மைக்கேல் ஸ்போர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976இல் 'வேதித் தடுப்பு' என்ற பொருளில் ஒரு பெயரையே கொடுத்தார். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கட்டியைக் கரைப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்கு அறுவைசிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு. எந்தக் கிழங்கும் அந்த வேலையைச் செய்வதாக நிரூபணம் ஆனதில்லை.

சரி, தடுப்புக்கு வருவோம்.

பீட்டா கரோட்டின் சொல்லும் கதை

கேரட்டிலிருந்து இந்த நிறமியை முதலில் பிரித்தெடுத்தவர் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர், 1831இல். கேரட்டின் பெயரையொட்டித்தான் கரோட்டின் என்ற பெயரும் வந்தது. நம் உடல் இதை உடைத்து வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும்.

1970களில் பல நாடுகளில் ஒரே மாதிரியான செய்தி வந்துகொண்டிருந்தது. மஞ்சள், ஆரஞ்சு, கரும்பச்சைக் காய்கறிகளை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டினும் அதிகம். 1981இல் ரிச்சர்ட் பீட்டோவும் உடனிருந்தவர்களும் 'நேச்சர்' இதழில் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: உணவில் உள்ள பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா? கேள்விதான் கேட்டார்கள், பதில் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

சோதித்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை, சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் போலி மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் நடந்தது. 1994இல் முடிவு வெளியானபோது ஆராய்ச்சி உலகமே அதிர்ந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது.

தற்செயலாக இருக்குமோ என்று யோசிக்கலாம். அதே நேரத்தில் அமெரிக்காவில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேர். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், திட்டமிட்ட நாளுக்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், இறப்பு 17 சதவீதம் அதிகம். பெரும்பாலும் புகைபிடிக்காத 22,071 அமெரிக்க மருத்துவர்களிடம் ஏறக்குறைய 12 ஆண்டுகள் நடந்த இன்னொரு சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

நான் இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது ஒரு விவரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பின்லாந்துச் சோதனையில் சேர்ந்தபோது, அதாவது மாத்திரை தொடங்கும் முன்பே, எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்து வைத்திருந்தார்கள். அப்போது இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதே மனிதர்கள், அதே வேதிப்பொருள். சாப்பாட்டு வழியாக வந்தபோது குறைவு, மாத்திரை வழியாக வந்தபோது அதிகம்.

எப்படி? இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் என்றால் அந்த மனிதர் காய்கறி நன்றாகச் சாப்பிடுகிறவர் என்று பொருள். பீட்டா கரோட்டின் அங்கே ஓர் அடையாளம் மட்டும்தான். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். வாழைமரத்தை மட்டும் கொண்டுவந்து நம் வாசலில் கட்டினால் உள்ளே கல்யாணம் நடந்துவிடாது அல்லவா, அதுபோலத்தான். கெடுதல் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. புகையால் காய்ந்துகொண்டிருக்கும் நுரையீரலில் அளவுக்கு மீறிய பீட்டா கரோட்டின் போய்ச் சேரும்போது அது சிதைந்து, சிதைந்த துண்டுகள் செல்களைத் தொந்தரவு செய்கின்றன. அமெரிக்காவில் ஃபெர்ரெட் என்ற கீரியைப் போன்ற விலங்குகளுக்குப் புகையும் பீட்டா கரோட்டினும் சேர்த்துக் கொடுத்தபோது அவற்றின் நுரையீரலில் இந்த மாற்றத்தைப் பார்த்தார்கள்.

அதனால், புகைபிடிப்பவர்களோ அண்மையில் விட்டவர்களோ பீட்டா கரோட்டின் மாத்திரையை வாங்கவே வேண்டாம். 'இயற்கை', 'கண்ணுக்கு நல்லது' என்று டப்பாவில் போட்டிருந்தாலும் வேண்டாம். கேரட் சாப்பிடலாம். இரண்டும் ஒன்றில்லை.

கேரட்டுக்குள் இன்னொருவர்

அப்படியானால் கேரட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா? டென்மார்க் ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்ஸ்டன் பிராண்டும் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கண் வைத்தது ஃபால்கரினால் என்ற பொருள் மீது. இதற்கு நிறம் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும்போதும் சேமிப்பில் இருக்கும்போதும் பூஞ்சை தாக்காமல் இருக்கக் கேரட் தானே தயாரித்துக்கொள்ளும் பூச்சிமருந்து மாதிரி. இதன் கூடப்பிறந்தது ஃபால்கரின்டையால். சில நேரம் கேரட்டைக் கடித்தால் தோல் பக்கம் லேசாக ஒரு கசப்பு வருமே, அதற்கு முக்கியக் காரணம் இந்த ஃபால்கரின்டையால்தான்.

2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 24 எலிகள். எல்லாவற்றுக்கும் பெருங்குடலில் கட்டியை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தார்கள். ஒரு பங்கு எலிகளுக்கு வழக்கமான தீனி. இன்னொரு பங்குக்குத் தீனியில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த கேரட். மூன்றாவது பங்குக்குக் கேரட் இல்லை, அதில் இருந்த அளவு ஃபால்கரினால் மட்டும். 18 வாரம் கழித்துப் பார்த்தபோது கேரட் தின்ற எலிகளுக்கும் ஃபால்கரினால் தின்ற எலிகளுக்கும் முழுக்கட்டி வளரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளுக்கு அரைக்கிலோ உலர்ந்த எடைக்குச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு பங்கு 50 கிராம் உலர் கேரட். பச்சைக் கேரட்டில் 88 சதவீதம் போலத் தண்ணீர். அப்படியென்றால் தினமும் 400 கிராமுக்கு மேல். அத்தை குடித்த அளவேதான்! அப்புறம், எலி எலிதான். அதன் குடலில் கட்டி வந்தது நாம் ஊசி போட்டு வரவழைத்ததால்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபால்கரினால் செல்களோடு வினைபுரியும் பொருள். ஐவிக் கொடியைத் தொடுகிற சிலருக்குத் தோல் தடித்துச் சிவப்பதற்கும் இதுதான் காரணம். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்கள் மீது இதைப் போட்டால் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் அடங்குகின்றன, அளவு கூடினால் செல்லே சாகிறது. ஆனால் தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய காரியம் இல்லை. உப்புத் தண்ணீரை ஊற்றினாலும் சாகும், வினிகரை ஊற்றினாலும் சாகும். 'புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது, அந்தச் செல் எங்கே இருந்தது என்பதைத்தான். தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

மனிதரைப் பற்றிய தகவலும் இருக்கிறது. 1990களில் டென்மார்க்கில் 50 முதல் 64 வயதுள்ள 57,053 பேரிடம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விரிவாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு சராசரியாக 18 ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவு இது: தினமும் சராசரியாக 32 கிராமுக்கு மேல், அதாவது வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு கேரட்டாவது பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய், கேரட்டே சாப்பிடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் தெளிவான வேறுபாடு இல்லை.

17 சதவீதம் என்றால் நூறில் பதினேழு பேர் தப்பித்தார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உதாரணத்துக்கு, நூறு பேரில் ஆறு பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 சதவீதக் குறைவு என்றால் ஆறு ஐந்தாகிறது. ஒருவர் தப்புகிறார். அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி ஐந்து பேர் கேரட் சாப்பிட்டும் நோயாளி ஆனவர்கள். அதையும் மறக்கக் கூடாது. நோய் வந்தவரிடம் போய் 'நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால்' என்று ஆரம்பிக்கிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்று, பச்சைக் கேரட்டைக் கடித்துச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் நடக்கவும் செய்வார், குறைவாகப் புகைப்பார், கறியும் குறைவாகச் சாப்பிடுவார். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்துத்தான் பார்த்தார்கள். இருந்தாலும் முழுதாகக் கழிக்க முடியாது. பீட்டா கரோட்டினில் உலகம் ஏமாந்ததும் இதே இடத்தில்தான். அதனால் ஃபால்கரினால் நம்பிக்கை தருகிறது, ஆனால் மாத்திரையாக்கி விற்கும் நிலைக்கு வரவில்லை என்பதே நேர்மையான பதில்.

அடுப்பங்கரையில்

பச்சையா, வேகவைத்ததா என்று கேட்பீர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பீட்டா கரோட்டின் கேரட்டின் செல்சுவருக்குள் இறுகிக் கிடக்கிறது. வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்தால்தான் உடல் நன்றாக உறிஞ்சும். பொரியல் அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஃபால்கரினாலோ வேகும்போது குறையும், தண்ணீரிலும் இறங்கும். நியூகாசில் குழு 2009இல் ஒரு எளிய விஷயத்தைச் சொன்னது: நறுக்கி வேகவைப்பதைவிட முழுசாக வேகவைத்துப் பிறகு நறுக்கினால் 25 சதவீதம் அதிக ஃபால்கரினால் மிஞ்சுகிறது. நறுக்கும்போது வெட்டுப்பரப்பு கூடுகிறது, சத்து தண்ணீரில் கரைந்து போகிறது, அவ்வளவுதான். சர்க்கரையும் அப்படியே கரையும் என்பதால் முழுசாக வெந்த கேரட் தித்திப்பாகவும் இருக்கிறது. நான் செய்து பார்த்தேன், உண்மைதான். ஊட்டி கேரட்டை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலை மழிக்காமல், முழுசாக ஆவியில் வைத்து எடுத்து, வட்டமாக நறுக்கித் தாளித்துப் பாருங்கள்.

மற்ற கிழங்குகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முள்ளங்கியின் காரம் நாம் கடிக்கும்போதுதான் பிறக்கிறது. அதன் செல்களில் ஓர் அறையில் ஒரு பொருள், இன்னோர் அறையில் அதை உடைக்கும் நொதி. பல் பட்டு இரண்டும் கலந்தால் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் உண்டாகிறது. நச்சை வெளியேற்றும் நொதிகளைச் செல்களில் இது தூண்டுவதாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். சாம்பாரில் கொதித்த முள்ளங்கியில் நொதி செத்துவிடும், காரமும் இருக்காது. பீட்ரூட்டின் சிவப்பு, ஊதா சர்க்கரைவள்ளியின் ஊதா எல்லாம் இன்னும் தட்டிலும் எலியிலும்தான் நிற்கின்றன.

ஆறின உருளைக்கிழங்குக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். (உருளை உண்மையில் வேர் இல்லை, மண்ணுக்கடியில் பருத்த தண்டு. ஆனால் சந்தையில் அது கிழங்குதான்.) வேகவைத்து ஆறவைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல்வரை போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. இந்த வகை மாவுச்சத்தை, பரம்பரையாகப் புற்றுநோய் வாய்ப்புள்ள லிஞ்ச் குறைபாடு கொண்ட ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் சோதித்தார்கள். நாளுக்கு 30 கிராம் தூள், சராசரியாக இரண்டு ஆண்டுகள். கிழங்கு இல்லை, தூள்தான். 2022இல் வந்த முடிவு எதிர்பாராதது. பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் இரைப்பை, முன்சிறுகுடல், கணையம் போன்ற மற்ற இடங்களில் வரும் புற்றுநோய்கள் 48க்குப் பதில் 27 ஆகக் குறைந்திருந்தன. போலித் தூளோடு ஒப்பிட்டு நடந்த சோதனை என்பதால் எனக்கு இதில் மதிப்பு அதிகம். அந்தக் குறைபாடு இல்லாத நமக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பொதுவான நார்ச்சத்து பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் அதை ஏற்கிறது. கிழங்கு, முழுதானியம், பயறு எல்லாவற்றிலும் உள்ளது அந்த நார்தான்.

மரவள்ளிக்கிழங்கு பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் 'வைட்டமின் பி17' இருக்கிறது, புற்றுநோயைக் கொல்லும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பி17 என்று ஒரு வைட்டமினே கிடையாது. அந்தப் பெயரில் விற்றது லேட்ரில் என்ற பொருள், உடலில் சயனைடை வெளிவிடுவது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் தலைமையில் 178 நோயாளிகளிடம் சோதித்து 1982இல் முடிவு வெளியிட்டார்கள். யாருக்கும் பயன் இல்லை, சிலருக்கு சயனைடு நச்சுக்கான அறிகுறிகள் தெரிந்தன. மரவள்ளியிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. அதனால்தான் நம் வீட்டில் தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறோம். மருந்து என்று நினைத்து அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கீமோ நடக்கும்போது வெள்ளணுக்கள் குறையும், அப்போது கழுவாத பச்சைக் காய்கூடத் தொற்றுக்கு வழி. பச்சைக் கேரட், ஜூஸ், சத்து மாத்திரை எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதற்கு எதிராகப் புகையிலையை விடுவது செய்கிற வேலையில் ஒரு சிறு பங்கைக்கூட எந்தக் கிழங்கும் செய்யாது.

அடுத்த முறை போனபோது இதையெல்லாம் அத்தையிடம் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பின்லாந்துக் கதையில் "ஐயோ பாவம், அந்த ஆளுங்க" என்றார். பிறகு ஜூஸ் வடிகட்டும் துணியைப் பற்றிக் கேட்டார். அதில் தங்கும் சக்கையை இத்தனை நாள் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நார்ச்சத்தில் பெரும்பகுதி அதில்தானே போயிற்று என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணு மாசம்டா," என்றார்.

உள்ளங்கை பழைய நிறத்துக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, இப்போது மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கேரட், முழுசாக வெந்தது. முதல் துண்டை எடுத்துத் தோல் பக்கம் நாக்கில் வைத்து, கசக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.